பூஜ்யத்தில் நின்ற உப்பு

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டில் கழுவுவது அவள் வேலை. அதை வேறு யாரும் தொடக் கூடாது. கண்ணாடி மூடி போட்ட பன்னிரண்டு பாட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் அதனதன் மூடிதான் பொருந்தும், மாற்றிப் போட்டால் காற்று புகும். அதற்கென்று தனி பிரஷ், தனி வாளி, சோப்புப் படாத தனித் துணி. ஆபீஸ் குழாயில் வாரக் கடைசியில் தண்ணீர் வராது என்பதால் பல வருஷமாக இந்தக் குளியல் வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது. குழாய்த் தண்ணீரில் மூன்று முறை, ஆபீஸிலிருந்து கேனில் கொண்டுவந்த, காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று முறை, பிறகு மேடையில் தலைகீழாக.

"மனுஷி ஒரு தரம் குளிக்கவே இந்த வீட்ல தண்ணி பத்தல. இதுங்களுக்கு ஆறு தரம்," என்றாள் நாத்தனார், வாசற்படியில் உட்கார்ந்து காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டியபடி.

"நீங்களும் வாயை மூடிட்டு வரிசையில நின்னா உங்களையும் கழுவி விடறேன் அண்ணி."

"வாயை மூடணுமா? அப்ப நான் அழுக்காவே இருந்துட்டுப் போறேன்."

அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில், ஐந்து இடங்களில், வாரத்துக்கு ஐந்து நாள், தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளந்து எழுதுகிற உத்தியோகம். டைப் அடிக்கத்தான் அந்த ஆபீஸில் சேர்ந்தாள். படகில் ஏறினாலே வாந்தி எடுக்கிற ஓர் உதவியாளருக்குப் பதிலாக இரண்டு நாள் போய் வரச் சொன்னார்கள். பத்தொன்பது வருஷமாகியும் அந்த இரண்டு நாள் முடியவில்லை.

பத்தொன்பது வருஷமும் தற்காலிகம்தான். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் தீரும். ஒரே ஒரு நாள் அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் புது ஆளைப் போலச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தவள் என்று நாளைக்குக் கேஸ் போட்டுவிடக் கூடாது இல்லையா. அந்த ஒரு நாளில் அவள் ஆபீஸ் படி ஏறினால் வாட்ச்மேன் பார்வையாளர் நோட்டை நீட்டுவார். சிரித்துக்கொண்டேதான் நீட்டுவார், ஆனாலும் நீட்டுவார்.

கரையில் அவளுக்கு 'நாலரை' என்று பெயர். சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் வைத்தது. மூன்றாவது இடத்தில் எவ்வளவு என்று அவளை எப்போது கேட்டாலும் நாலு புள்ளி நாலு, நாலரை, நாலே முக்கால் என்று அங்கேயேதான் சுற்றி வரும் பதில். ஐந்துக்கு மேலே இருந்தால் தண்ணீர் சுகம். நாலுக்குக் கீழே போனால் அறிக்கையில் சிவப்பு மை. சிவப்பு மை விழுந்தால் மேலே ஆற்றோரம் இருக்கும் ஆலைகளில் போய்க் கழிவுநீரைச் சோதிக்க வேண்டும். நாலரை என்றால் நோயும் இல்லை, சுகமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காலத்தை ஓட்டுகிற உடம்பு மாதிரி.

நாத்தனாரும் மட்டிக்காரிதான். கணவனின் அக்கா. புருஷன் போன பிறகு எட்டு வருஷமாக இவர்களோடு இருக்கிறாள். மூன்றாவது இடத்துக்குப் பக்கத்துச் சேற்றுத் திட்டில் அவளுக்கு ஒரு பாத்தி உண்டு. குஞ்சு மட்டியை வாங்கி அதில் இறைத்துவிட்டு, அது வளர்கிற வரைக்கும் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தினமும் சாயங்காலம் இவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அங்கிருந்து கேள்வி வரும், "மூணாவது எவ்வளவு?" சொன்ன எண்ணை அடுப்படிக் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில் பென்சிலால் எழுதிவைப்பாள். இந்த நாலைந்து மாதமாகப் பழைய பாத்தியில் மட்டி சேற்றுக்குள் நிற்காமல் மேலே வந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. "உன் நம்பர் நல்லாத்தான் இருக்கு. குஞ்சுதான் சரியில்ல போல. இந்தத் தடவை வேற இடத்துல வாங்கப் போறேன்," என்று அவளே காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

கணவனுக்கு வேலை கிடைத்து மூன்று வாரமாகிறது. பழைய கம்பெனி மூடிய பிறகு ஒன்றரை வருஷம் வீட்டில் இருந்தான். அந்த ஒன்றரை வருஷத்தில் அவன் பழுது பார்க்காத கதவு இல்லை, அவன் பழுது பார்த்தபின் சரியாக மூடுகிற கதவும் இல்லை. இப்போது ஆற்றோரக் காகித ஆலையில், கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் காற்றை ஊதும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற ஷிப்ட் வேலை. ஆறு மாதம் சோதனைக் காலம்.

"தண்ணிக்கு மூச்சு இருக்கான்னு பார்க்குறதுக்குப் பொண்டாட்டி, மூச்சு குடுக்குறதுக்குப் புருஷன்," என்று நாத்தனார் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் சிரித்தே நாளாகியிருந்ததால் இவளுக்கும் சிரிப்பு வந்தது.

திங்கட்கிழமை ஆபீஸுக்கு மருந்து வந்தது. மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. அதற்குத்தான் அந்தப் பாட்டில்கள். தண்ணீரைப் பிடித்து, குமிழி இல்லாமல் மூடி, இரண்டு மருந்து விட்டால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் பழுப்பாகப் படியும். பிறகு அமிலம் சேர்த்து, இன்னொரு மருந்தைத் துளித்துளியாக விட்டு நிறம் மறையும் வரை எண்ண வேண்டும். வாங்குவதில் ஏதோ சிக்கல் என்று ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த மருந்து வரவில்லை. கை மறந்துவிடக் கூடாது என்று பாட்டில் கழுவுவதை மட்டும் அவள் விடாமல் வைத்திருந்தாள்.

மூன்றாவது இடத்தில் மீட்டர் 4.4 என்றது. பாட்டில் 3.7 என்றது.

கைதான் மறந்துவிட்டது என்று நினைத்தாள். செவ்வாய்க்கிழமை மூன்று பாட்டில் பிடித்தாள். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டி 3.7, 3.8 என்றே வந்தன. மேலே, கடல் தண்ணீர் எட்டாத ஐந்தாவது இடத்தில் மட்டும் மீட்டரும் பாட்டிலும் ஒன்றையே சொல்லின. உப்பு ஏறாத இடத்தில் ஒத்துப்போகிறது, உப்பு ஏற ஏறப் பிரிகிறது. மருந்தில் கோளாறு இருந்தால் எல்லா இடத்திலும் அல்லவா பிசக வேண்டும். பத்தொன்பது வருஷம் பார்த்த வேலை. கோளாறு மீட்டரில்.

படகிலேயே உட்கார்ந்து மீட்டரின் பட்டன்களை அமுக்கி உள்ளே போனாள். தேதி சரி. நேரம் சரி. அடுத்த பக்கத்தில் உப்பு என்ற இடத்தில் பூஜ்யம் நின்றது.

உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. தான் நிற்பது உப்புத் தண்ணீரில் என்று மீட்டருக்குத் தானாகத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குடிதண்ணீரில் நிற்பதாக நினைத்துக்கொண்டு எண்ணைக் கூட்டியே சொல்லும். உப்பு குறைகிற மழைக்காலத்தில் கொஞ்சம் கூட்டும், வெயில் காலத்தில் நிறையக் கூட்டும்.

எப்போது என்றும் உடனே நினைவுக்கு வந்தது. கிட்டத்தட்டப் பதினோரு மாதத்துக்கு முன்னால், அந்த ஒரு நாள். அவள் வீட்டில் இருந்த அன்று யாரோ மீட்டரின் பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டிருந்தார்கள். மறுநாள் காலை படகுத்துறையில் நின்று புதுப் பேட்டரி போட்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மீட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து கேட்டது. தேதி கேட்டது, போட்டாள். நேரம் கேட்டது, போட்டாள். அப்புறமும் என்னவோ கேட்டது. படகுக்காரர், "அக்கா, அது கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்குதா என்ன, ஏறுங்க," என்றார். ஓகே, ஓகே என்று இரண்டு தரம் அமுக்கிவிட்டு ஏறினாள். அந்த இரண்டு அமுக்கில் இரண்டாவதுதான் உப்பு.

"என்னக்கா, மீட்டர் செத்துப்போச்சா?" என்றார் படகுக்காரர் இப்போது.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

உப்பைத் தினமும் அவள் தனியாகவும் அளப்பாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வெளிச்சத்துக்குக் காட்டிக் கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னக் குழாய் ஒன்று உண்டு. அந்த எண்ணும் ரெஜிஸ்டரில் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கிறது. அதனால் பதினோரு மாதத்தையும் திருத்திவிடலாம். செவ்வாய், புதன் இரண்டு நாளும் சாப்பாட்டு நேரத்தில் ரெஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, மகள் கல்லூரி விடுதிக்குப் போகும்போது விட்டுப்போன நோட்டில் ஒவ்வொரு நாளாகத் திருத்தி எழுதினாள். மூன்றாவது இடம் மட்டும். நாலுக்குக் கீழே முப்பத்தொரு நாள். அவள் கையெழுத்தில் அந்த முப்பத்தொரு நாளும் நாலரை.

வியாழக்கிழமை கணவனுக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தவனிடம் சொன்னாள். நாத்தனார் கடைக்குப் போயிருந்தாள். அவன் நோட்டை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கணக்கு புரிந்தது. இப்போது அவனும் அதே எண்ணோடுதான் வேலை பார்க்கிறான்.

"மீட்டரை மாத்திட்டியா?"

"இன்னும் இல்ல."

"மாத்தாதே."

அவள் நோட்டுக்குக் கையை நீட்டினாள்.

"மாத்தினா திங்கக்கிழமையிலேர்ந்து நம்பர் தடால்னு விழும். மூணாவது இடத்துக்கு மேல இருக்குறது எங்க ஆலை. மூணு வாரத்துல என்ன புதுசுன்னு பார்ப்பாங்க. நான்தான் புதுசு. தொட்டியைப் பார்த்துக்குற புது ஆளு தூங்கிட்டான்னு முடிச்சிருவாங்க."

"அப்ப முழுசா சொல்லிடறேன். நீங்க சேர்றதுக்கு முன்னாலேர்ந்தே இப்படித்தான்னு இந்த நோட்டுல இருக்கு. உங்க மேல வராது."

அவன் நோட்டை மூடி மேஜை மேல் வைத்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"யோசிச்சுப் பாரு. ஆலைக்குக் கீழ தண்ணி கெட்டுக் கிடந்திருக்கு. பதினோரு மாசமா நல்லா இருக்குன்னு நீ எழுதியிருக்கே. அப்புறம் அதே ஆலையில உன் புருஷனுக்கு வேலை. பட்டன் அமுக்குறதுல தப்பு நடந்துபோச்சுன்னு யாராவது நம்புவாங்களா? உன் பூஜ்யத்துக்குக் கூலி என் வேலைன்னுதான் சொல்லுவாங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்."

இதை அவள் யோசிக்கவில்லை. முப்பத்தொரு நாளைக் கண்டுபிடித்தவளுக்கு இது தோன்றவே இல்லை. அவன் சொல்லி முடித்த நொடியிலேயே ஊர் முழுக்கச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

"அப்ப என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. இந்த மாசக் கடைசியில உனக்கு அந்த ஒரு நாள் லீவு வருதில்ல. திரும்பிப் போய் மீட்டரை எடுக்கும்போது மெதுவா சரி பண்ணிக்கோ. மழையும் வந்துடும், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது."

"அதுக்குள்ள அண்ணி குஞ்சு இறக்கப் போறாங்களே."

அவன் ஆணியில் மாட்டிய சட்டையைத் திரும்ப எடுத்து உதறினான். "மட்டி எல்லாத்தையும் தாங்கும்," என்றான். பழைய பாத்தியில் தாங்கவில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை அவள் லேப் மேடத்தின் அறைக்குப் போனாள். மேடத்துக்கு அவளைவிடப் பத்து வயது குறைவு. கெட்டவள் இல்லை. ஒப்பந்தக்காரர்களுக்கும் நாற்காலி போடச் சொல்கிற ஆள். மேஜையில் மூன்று மாத அறிக்கைகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் மேடத்தின் கையெழுத்து. அறையின் ஜன்னல் வருஷக்கணக்காகத் திறக்காமல் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மின்விசிறி உள்ளே இருந்த காற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுத்தது.

நோட்டைப் பையிலிருந்து எடுக்காமலே விஷயத்தைச் சொன்னாள். மேடம் கேட்டுக்கொண்டே பேனா மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள்.

"பூஜ்யத்துலயா?"

"ஆமா மேடம்."

"எத்தனை நாளா?"

"போன தடவை நான் ஒரு நாள் நின்னேனே, அதுலேர்ந்து."

மேடம் அடுக்கியிருந்த அறிக்கைகளைப் பார்த்தாள். "சரி. திங்கக்கிழமைலேர்ந்து சரியா வெச்சுக்குங்க. பழசைத் தோண்ட வேணாம். தண்ணின்னா மாறத்தான் செய்யும்."

"திடீர்னு விழும் மேடம். காகித ஆலைக்கு ஆய்வு போவாங்க."

"போகட்டுமே. அதுக்குத்தானே நாம இருக்கோம்."

"என் வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார். கழிவுநீர்த் தொட்டியில."

பேனா மூடி நின்றது. "எப்ப சேர்ந்தார்?"

"மூணு வாரம், நாலு வாரம் ஆச்சு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு விரலால் மூக்கின் மேல்பக்கத்தை அழுத்திக்கொண்டாள். வெளியே யாரோ ஸ்டாப்ளர் கேட்டுக்கொண்டு போனார்கள்.

"நீங்க இப்ப எதுவும் என்கிட்ட சொல்லல," என்றாள் கடைசியில். "மருந்து வந்துடுச்சுன்னு சொன்னீங்க. நானும் சரின்னேன். அவ்வளவுதான் பேசினோம். புரியுதா? நான் கோபமா சொல்லல. உங்களுக்கு இந்த மாசம் புதுப்பிக்கிற ஃபைல் மேல போகணும். அதை நான்தான் அனுப்பணும்."

"புரியுது மேடம்."

திங்கட்கிழமை மூன்றாவது இடத்தில் நங்கூரம் போட்டதும் மீட்டரைக் கையில் எடுத்தாள். பட்டனை அமுக்கி அந்தப் பக்கத்துக்குப் போனாள். பூஜ்யம் மினுக் மினுக்கென்றது. முப்பது என்று ஏற்றினால் போதும். கட்டை விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாடி பார்க்குறீங்களாக்கா?" என்றார் படகுக்காரர்.

பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். 4.4 என்று எழுதினாள். சாயங்காலம் தாள் மேடத்திடம் போனது. மேடத்தின் பேனா அந்தக் கட்டத்தருகே வந்ததும் கொஞ்சம் தயங்கியது. இறங்கியிருக்க வேண்டிய எண் இறங்கவில்லை. மேடம் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பித் தந்தாள். செவ்வாயும் அப்படித்தான், புதனும் அப்படித்தான். முன்பெல்லாம் அது தெரியாமல் செய்த தப்பு. தெரிந்த பிறகு எழுதியதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை அவள் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

வீட்டில் இரண்டு அறையும் ஓர் அடுப்படியும். எங்கே போய் நின்றாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தார்கள். கணவன் அவளிடம் முன்னைவிட நன்றாகப் பேசினான். தட்டைக் கழுவி வைத்தான். கேட்காமலே கேஸ் சிலிண்டரை மாற்றினான். அவன் நல்லவனாக நடந்துகொள்ள நடந்துகொள்ள அவளுக்கு மூச்சு முட்டியது. நாத்தனார் சந்தோஷமாக இருந்தாள். வெள்ளிக்கிழமை நீர் நன்றாக வற்றும் நாள். அன்று குஞ்சு இறக்குவது என்று முடிவாகியிருந்தது. ஈரச் சாக்கில் கட்டிய குஞ்சு மட்டி வியாழக்கிழமையே வந்து குளியலறையில் ஓரமாக இருந்தது. குளிக்கப் போனால் சாக்குக்குள்ளிருந்து சின்னதாக, யாரோ நாக்கைச் சப்புக்கொட்டுவது மாதிரி, சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அண்ணி, அடுத்த வற்றத்துல இறக்கினா என்ன?" என்று வியாழக்கிழமை சாயங்காலம் கேட்டுப் பார்த்தாள்.

"ஏன், நம்பர் குறைஞ்சிருச்சா?"

"இல்ல. சும்மாதான்."

"இன்னிக்கு எவ்வளவு?"

கணவன் உள் அறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். திருகுவது நின்றது.

"நாலரை," என்றாள்.

நாத்தனார் பென்சிலை எடுத்து எழுதினாள். "சும்மாதான்னா சாக்குல இருக்குறது சும்மா இருக்குமா? பதினஞ்சு நாள் அதுங்களை நம்ம குளியலறையில வெச்சுப் பாட்டா பாடுறது?"

வெள்ளிக்கிழமை அவனுக்கு மதிய ஷிப்ட். காலையில் அக்காவுக்கு ஒத்தாசையாக அவனும் போனான். இவள் படகில் மூன்றாவது இடத்துக்கு வந்தபோது இரண்டு பேரும் பாத்தியில் இருந்தார்கள். வற்றின சேற்றில் முழங்கால் வரை புதைந்து, நாத்தனார் முன்னால் இறைத்துக்கொண்டு போக, அவன் பின்னால் சாக்கைத் தோளில் தாங்கிக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே போனான். நாத்தனார் இவளைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். அவன் நிமிரவில்லை. படகுக்காரர், "உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன்க்கா. எந்தத் தம்பி இந்தக் காலத்துல அக்காவுக்காகச் சேத்துல இறங்குறான்," என்றார். அவள் மீட்டரைத் தண்ணீரில் இறக்கினாள். அது 4.3 என்றது. உண்மையில் எவ்வளவு என்று இப்போதெல்லாம் கணக்குப் போடாமலே அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மறுபடி மதிய ஷிப்ட். பன்னிரண்டு மணிக்கு அடுப்படியில் மூன்று பேரும் இருந்தார்கள். அவள் அவனுக்கு டிபன் பாக்ஸில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து ஷூவின் நாடாவைப் புதிதாகக் கோத்துக்கொண்டிருந்தான். நாத்தனார் தலையைத் துவட்டியபடி உள்ளே வந்தாள்.

"கேட்டியா சேதியை? கரையில நாலு பேரு நாளைக்கே குஞ்சு எடுக்கப் போறாளுங்க. மூணாவது பக்கமே இறக்கப் போறாளுங்களாம். இத்தனை நாளா பயந்துட்டுச் சும்மா இருந்தவளுங்க. நான் இறக்கிட்டேன்னதும் தைரியம் வந்துருச்சு. தண்ணியை எவ கண்டா, யாரு சொல்றதை நம்புறதுன்னு ஒருத்தி கேட்டா. என் தம்பி பொண்டாட்டி கையால அளந்தது, நான் பாத்தி இறக்கியிருக்கேன், அதுக்கு மேல என்னடி வேணும்னேன்."

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். டிபன் பாக்ஸை மூடினாள். மூடி சரியாக விழவில்லை. திறந்து திரும்ப மூடினாள்.

"அண்ணி, அந்த நம்பர் தப்பு."

அவன் கையில் நாடா நின்றது.

"எந்த நம்பர்?"

"நான் தினமும் சொல்ற நம்பர். காலண்டர்ல நீங்க எழுதியிருக்குற எல்லாமே. மீட்டர்ல உப்பை நான் வைக்காம விட்டுட்டேன். பதினோரு மாசமா கூட்டிக் காட்டிட்டு இருக்கு. நிஜத்துல மூணே முக்கால்தான், சில நாள் அதுக்கும் கீழ. உங்க பழைய பாத்தி செத்தது குஞ்சால இல்ல."

நாத்தனார் துண்டைத் தலையிலிருந்து எடுத்தாள். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, மடிக்கவும் இல்லை, தொங்கவிடவும் இல்லை. ஈர முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் காலண்டரைப் பார்ப்பாள் என்று இவள் எதிர்பார்த்தாள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நாளைக்கு ரெஜிஸ்டர்ல எழுதிடப் போறேன்," என்றாள் இவள். சொல்லி முடித்த பிறகுதான் தான் முடிவு செய்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அப்படி ஒன்றும் இல்லை. நாளைக்கு மேடத்தின் அறை இருக்கிறது, ஆலை இருக்கிறது, ஊரின் வாய் இருக்கிறது. "பக்கத்துக்கு நம்பர் போட்ட ரெஜிஸ்டர். கிழிக்க முடியாது. அவளுங்ககிட்டயும் இப்பவே போய்ச் சொல்லிடுங்க, நாளைக்கு எடுக்க வேணாம்னு. நான்தான் சொன்னேன்னே சொல்லுங்க."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"போன வாரத்துக்கு முந்தின வாரம். செவ்வாய்க்கிழமை."

"பன்னெண்டு நாள் ஆச்சு," என்றாள் நாத்தனார், விரலில் எண்ணாமல். "வியாழக்கிழமை கேட்டேனே. நாலரைன்னியே."

"ஆமா."

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை."

"தப்புதான் அண்ணி."

 காரணங்கள் இருந்தன, வரிசையாக. அதில் பெரியது அந்த அடுப்படியில் ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைக் காட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் நாத்தனாரே அவன் பக்கம் திரும்பிவிட்டாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம். அவளுக்கு யாரும் காட்டிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

"தம்பி," என்றாள். வழக்கமாக அவள் அவனை டேய் என்றுதான் கூப்பிடுவாள்.

அவன் நாடாவைக் கடைசி ஓட்டையில் நுழைத்தான். இழுத்து முடிச்சுப் போட்டான். அடுத்த ஷூவையும் மாட்டிக்கொண்டான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் எழுந்து நின்று பேன்ட்டைத் தட்டினான். ஆலையின் அடையாள அட்டை ஜன்னல் கம்பியில் தொங்கியது. அதை எடுத்துக் கழுத்தில் மாட்டினான். புது அட்டை, பிளாஸ்டிக் இன்னும் பளபளத்தது.

"வெள்ளிக்கிழமை சாக்கைத் தூக்கிட்டு வந்தியே. கையில கையில எடுத்துக் குடுத்தியே. தெரிஞ்சுக்கிட்டா குடுத்தே?"

அவள் குரல் உயரவில்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். இவள் மேடையோரம் நின்றபடி அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை. மேடையிலிருந்த டிபன் பாக்ஸை எடுத்தான். மூடியை அமுக்கிப் பார்த்தான். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். அவளைத் தொடாமல் ஓரமாகச் சுவரை ஒட்டி நகர்ந்து வெளியே போனான்.